சேறு எங்கடை

பாதையின் நடுவில் சேறு கிடந்தால் எல்லோரும் ஓரமாக ஒதுங்கிப் போவார்கள். கிளாக்கர் அண்ணை நடுவாலேயே போவார். கணுக்கால் புதையும், சில இடங்களில் அதற்கு மேலும் புதையும். காற்சட்டையை மடிக்கவும் மாட்டார். கைகளைச் சற்று விரித்துக்கொண்டு, தீர்த்தக் கேணியில் இறங்குகிறவர் போல நிதானமாக இறங்கி, மறுபக்கம் ஏறி, திரும்பி நின்று எங்களைப் பார்ப்பார். நீங்களும் இப்படியே வரவேண்டும் என்பதுதான் அந்தப் பார்வையின் பொருள்.

முதல் தடவை அதைக் கண்டபோது ரீச்சர் அக்கா பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார். ரீச்சர் அக்கா ஊரில் கணக்குப் படிப்பித்தவர். லண்டனில் ஒரு தையல் தொழிற்சாலையில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். வாய்க்கு மட்டும் அவர் ஓய்வு கொடுத்ததில்லை.

"உமக்கென்ன விசரே? பக்கத்தில புல்லு காய்ஞ்சு போய்த்தானே கிடக்குது. அதில நடந்தா என்ன?"

"புல்லு அவன்ரை, ரீச்சர். சேறு எங்கடை."

புல் காணிக்காரனுடையது, சேறு எங்களுடையது. அவ்வளவுதான் சொன்னார். ரீச்சர் அக்கா சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவரையும் அவருடைய பரம்பரையையும் திட்டியபடி சேற்றில் இறங்கினார். நாங்களும் இறங்கினோம்.

எண்பதுகளின் கடைசியில் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்தக் கூத்து நடந்தது. காலை எட்டு மணிக்கு ஆர்ச்வே ஸ்டேஷன் வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். பெரும்பாலும் கோயிலில் வெள்ளிக்கிழமைகளில் கண்டு பழகிய முகங்கள். கிங்ஸ் குரொஸில் மாறி, பாதாள ரயிலின் கடைசி ஸ்டேஷனான செஷமில் இறங்கினால் லண்டன் முடிந்து குன்றுகள் தொடங்கிவிடும். மலை என்று சொல்லலாமா தெரியாது, கண்டிக்காரர் கேட்டால் சிரிப்பார். யாழ்ப்பாணத்தாருக்கு ஒரு மாட்டுவண்டி ஏறத் திணறினாலே அது மலைதான். பீச் மரக்காடு, செம்மறி ஆடுகள், ஒரு சின்னத் தேவாலயம், பத்து வீடு, ஒரு பப். பிறகு இன்னொரு ஏற்றம், இறங்கினால் இன்னொரு பத்து வீடு. பைகளில் புளிச்சோறும் மீன் கட்லெற்றும் இருக்கும். பப் வாசலில் 'சேற்றுச் சப்பாத்துடன் வரவேண்டாம்' என்று எழுதியிருக்கும். எங்களை அது பாதித்ததில்லை. நாங்கள் உள்ளே போகிறவர்கள் அல்ல.

ஏன் போனோம் என்று கேட்டால் ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது. ரீச்சர் அக்காவுக்கு முழங்கால் வலி, டொக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். என் காரணத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், அது இல்லாமல் மற்றது விளங்காது. என் அகதி விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்கள். அப்பீலும் தோற்றது. கடிதம் வந்த கிழமையே வீடு மாறினேன், புது விலாசத்தை ஒருவருக்கும் கொடுக்கவில்லை. ஈஸ்ட்ஹாமில் ஓர் அறையில் ஐந்து பேரோடு படுத்தேன், ஒரு பெற்றோல் நிலையத்தில் வேறொருவருடைய பெயரில் வேலை செய்தேன். ஒரு பொலிஸ்காரர் என் பெயரைக் கேட்டு எழுதினால் அடுத்த கிழமை நான் கொழும்பு விமானத்தில் இருப்பேன். கொழும்பில் இறங்கியவர்களுக்கு என்ன நடந்தது என்று கேள்விப்பட்டிருந்தேன். சந்தியில் பொலிஸைக் கண்டால் பக்கத்துத் தெருவுக்குள் திரும்பிவிடுவது எனக்குப் பழக்கமாகியிருந்தது. வயல்வெளியில் பொலிஸ் இருக்காது. நான் போனது அதற்காகத்தான். இயற்கை அழகைப் பற்றி அப்போது எனக்கு அபிப்பிராயம் ஒன்றும் இருக்கவில்லை.

நடக்க வந்தவர்களிடம் எனக்கு விசா கிடைத்துவிட்டது என்று சொல்லிவைத்திருந்தேன். நம்பினார்கள். கேட்டால் நம்பாமல் விடுகிற விஷயமா அது.

கிளாக்கர் அண்ணை ஊரில் ஒரு பிரக்கிராசியிடம், அதாவது வழக்கறிஞரிடம், இருபது வருடம் எழுதுவினைஞராக இருந்தவர். லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் வேலை. படுக்கை விரிப்புகளை மடிப்பதாக ஒருமுறை சொன்னார், அந்த வேலையைப் பற்றி வேறொன்றும் சொன்னதில்லை. ஆனால் பழைய தொழில் அவரை விடவில்லை. கவுன்சில் வீட்டுக்கு, பெனிபிட்டுக்கு, ஹோம் ஒபிஸுக்கு என்று எந்தப் போர்ம் நிரப்புவதானாலும் சனங்கள் அவரிடம்தான் போவார்கள். ரயிலிலும் மடியில் பையை வைத்து, அதன்மேல் போர்மை வைத்து நிரப்பிக்கொண்டு வருவார். ஒரு சதம் வாங்கமாட்டார். பிழையாக நிரப்பிக்கொண்டு வந்தால் மட்டும் கோபம் வரும்.

இங்கிலாந்தில் அவருக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. பொதுப் பாதைச் சட்டம். எவ்வளவு பெரிய பிரபுவின் காணியாக இருந்தாலும், அதற்குள்ளால் ஒரு பாதை போகிறது என்று வரைபடத்தில் பச்சைக் கோடு இருந்தால் அந்தப் பாதையால் எவரும் போகலாம், யாரும் மறிக்க முடியாது. இதை அவர் எங்களுக்கு எத்தனை தரம் விளக்கியிருப்பார் என்று எண்ணிப் பார்த்ததில்லை.

"பாஸ்போட் கேக்கமாட்டாங்கள். விசா கேக்கமாட்டாங்கள். காலிருந்தாப் போதும்" என்பார். "ஆனா மூண்டடி. அந்த மூண்டடிக்குள்ள நிண்டாத்தான் சட்டம் உன்ரை பக்கம். விலத்தினவன் விட்டவன்."

விலத்துவது என்றால் ஒதுங்கிப் போவது. அது அவருடைய அகராதியில் இருந்த மிக மோசமான சொல்.

ஒரு கிராமத்தில் பச்சைக் கோடு ஒரு வீட்டின் பின்வளவுக்குள்ளால் போயிற்று. வேலியில் ஆள் ஏறிக் கடக்கும் மரப்படிக் கடப்பு இருந்தது, உள்ளே கொடியில் உடுப்புக் காய்ந்தது, புல்தரையில் மேசை போட்டு ஒரு குடும்பம் மதியச் சாப்பாட்டில் இருந்தது. நான் என்றால் அடுத்த நாட்டுக்கே சுற்றிப் போயிருப்பேன். கிளாக்கர் அண்ணை கடப்பில் ஏறி இறங்கி, கொடியில் தொங்கிய ஒரு சட்டையை ஒரு விரலால் மெல்ல விலக்கி, "குட் ஆஃப்டர்நூன்" என்று சொல்லிக்கொண்டு நடந்தார். அவருக்குப் பின்னால் பத்துப் பேரும் அதே 'குட் ஆஃப்டர்நூன்' சொல்லிக்கொண்டு வரிசையாகப் போனோம். வாயில் வைத்த கரண்டியை எடுக்க மறந்து ஒரு கிழவர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாக வந்த ரீச்சர் அக்கா அவர்களிடம் ஒரு கட்லெற்றைக் கொடுத்துவிட்டு வந்தார்.

இன்னொரு நாள் பாதையில் மாடுகள் படுத்திருந்தன. சுற்றிப் போகலாம் என்றோம். அவை எழும்பும்வரை நிற்போம் என்றார். இருபத்தைந்து நிமிடம் மழையில் நின்றோம். மாடுகளுக்குச் சட்டம் தெரியாது என்று ஒருவர் சொன்னதற்கு, "அதுகளுக்குத் தெரியாட்டி எங்களுக்குத் தெரியவேணும்" என்றார்.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை அவரே சொன்னார். ஊரில் அவர்களுடைய வீட்டிலிருந்து தோட்டக் கிணற்றுக்குப் போகும் ஒழுங்கை பக்கத்துக் காணிக்காரரோடு பொது. அந்த மனிதர் வருடத்துக்கு ஒரு சாண் வீதம் வேலியை நகர்த்திக்கொண்டே வந்தார். ஒரு மாரிகாலம் ஒழுங்கையில் வெள்ளம் நின்றது. கிளாக்கர் அண்ணையின் தகப்பனார் இரண்டு மாதம் கோயில் வீதியால் சுற்றிப் போனார். பிறகு வழக்கு வந்தபோது பக்கத்துக்காரரின் பிரக்கிராசி கேட்ட கேள்வி ஒன்றுதான்: உங்களுக்கு வேறு வழி இருந்ததா, அதால் போனீர்களா? போனேன் என்றார் தகப்பனார். ஒழுங்கையும் போயிற்று, கிணறும் போயிற்று. யாழ்ப்பாணத்தில் இப்படி வேலி வழக்கில் அழிந்த குடும்பம் ஊருக்குப் பத்து இருக்கும். அதனால் நாங்கள் பெரிதாக இரங்கவில்லை. அவரும் இரக்கத்துக்காகச் சொல்லவில்லை.

இனி ஓர் அரை மைல் பாதையின் கதைக்கு வருகிறேன்.

செஷமிலிருந்து இரண்டு மணி நேரம் நடந்தால் ஒரு பீச் காடு வரும். காட்டிலிருந்து ஒரு வயலின் நடுவால் தேவாலயத்துக்கு இறங்கும் பாதை அது. தேவாலயத்தில் பழைய சாமான் விற்ற ஒரு நாளில் அவர் வாங்கிய பழைய வரைபடத்தில் அந்தப் பாதை இருந்தது. புதிய வரைபடத்தில் இல்லை. காணிக்காரர் பாதையின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் முட்கம்பி அடித்து, 'தனியார் நிலம்' என்று பலகை நாட்டியிருந்தார். கம்பிக்குப் பின்னால் பழைய கடப்பு இன்னும் உக்காமல் நின்றது. கிளாக்கர் அண்ணைக்கு அது போதும். இருபது வருடம் சனங்கள் ஒளிக்காமல், ஒருவரிடமும் கேட்காமல், தங்கள் உரிமை என்று நடந்திருந்தால் அது பொதுப் பாதை என்று சட்டம் இருக்கிறதாம். ஊர்க் கிழவர்களிடம் வாக்குமூலம் வாங்கினார், கவுன்சிலுக்கு எழுதினார், எழுதி எழுதி ஒன்றரை வருடத்தில் ஒரு விசாரணைக்கு நாள் வாங்கிவிட்டார். அடுத்த வசந்தத்தில் விசாரணை. அதுவரை நாங்கள் ஒவ்வொரு முறையும் முட்கம்பிக்குக் கீழால் குனிந்து அந்த அரை மைலை நடந்தோம். அவருக்கு அப்படியொரு முகமலர்ச்சியை நான் வேறு நேரங்களில் கண்டதில்லை.

ஒக்ரோபரில் ஒரு ஞாயிறு. அன்று பதினொரு பேர். பாதி வழியில் ஒரு ஜீப் வந்தது. காணிக்காரர் இறங்கி, வெளியே போகச் சொன்னார். குரல் உயர்த்தவில்லை, ஆள் மரியாதையானவர்தான். கிளாக்கர் அண்ணை பொலித்தீன் பைக்குள்ளிருந்து பழைய வரைபடத்தை எடுத்துக் காட்டினார். அவர் அதைப் பார்க்கவில்லை. பொலிஸைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டு, ஒரு வேலையாளை நாயோடு மேல் கம்பியடியில் நிறுத்திவிட்டுக் கீழே போனார்.

நான் அவசரமாகப் பையைத் தோளில் மாட்டினேன்.

"அண்ணை, போவம்" என்றேன். "சும்மா ஏன் வில்லங்கத்தை?"

"இப்ப போனா விட்டதாப் போகும். பொலிஸ் வரட்டும், நல்லது. அவன்ரை புத்தகத்தில எங்கடை பேர் ஏறினா அதைவிடச் சாட்சி வேறை என்ன?" என்றார். கண்கள் மின்னின. "எல்லாரும் இருந்து சாப்பிடுங்கோ. பாதையிலதான் இருக்கவேணும், தெரியும்தானே?"

மூன்றடி அகலப் பாதையில் பதினொரு பேர் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தபடி ஒற்றை வரிசையில் இருந்து புளிச்சோறு சாப்பிட்டோம். அப்படியொரு பந்தியை உலகத்தில் எவரும் வைத்திருக்கமாட்டார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நான் பாதிச் சோற்றை மூடிப் பைக்குள் வைத்தேன். மேலே நாய், கீழே பொலிஸ். நடுவயலில் தனியே எழுந்து ஓடினால் அதைவிட வெளிப்படையான ஒப்புதல் வேறில்லை.

வந்தவர் இளம் பொலிஸ்காரர், கன்னம் சிவந்தவர். ஞாயிற்றுக்கிழமை வேலை வந்ததற்கு மன்னிப்புக் கேட்கிற மாதிரி நின்றார். இது பாதையா இல்லையா என்று தீர்ப்பது தன் வேலையல்ல என்றார். இங்கே நின்றவர்களின் பெயரையும் விலாசத்தையும் எழுதிக்கொள்கிறேன், விசாரணையில் இரண்டு பகுதியினருக்கும் உதவும் என்றார். கிளாக்கர் அண்ணை எழுதிக் கொடுத்துச் சொல்லவைத்தாலும் இதைவிட நன்றாகச் சொல்லியிருக்கமாட்டார்.

தன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னார். பொலிஸ்காரர் எழுதியதைக் குனிந்து பார்த்து ஓர் எழுத்தைத் திருத்தினார். பிறகு ரீச்சர் அக்கா. அடுத்தது யார் என்று பொலிஸ்காரர் நிமிர, கிளாக்கர் அண்ணை எங்களைக் காட்டுவதற்காகத் திரும்பினார். வரிசையில் மூன்றாவது நான்.

நான் குனிந்து சப்பாத்து நூலைக் கட்டிக்கொண்டிருந்தேன். அவிழாத நூலை அவிழ்த்து, மறுபடி கட்டி, மறுபடி அவிழ்த்தேன். நிமிர்ந்தபோது கிளாக்கர் அண்ணை என் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். நீட்டிய கை அப்படியே இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது, பொலிஸ்காரர் இன்னொரு முறை "அடுத்தவர்?" என்று கேட்கும் நேரம்தான்.

கிளாக்கர் அண்ணை கையை இறக்கினார். பொலிஸ்காரர் பக்கம் திரும்பி, நல்ல சட்ட ஆங்கிலத்தில், மன்னிக்கவேண்டும் என்றார். வரைபடத்தைத் தான் பிழையாக வாசித்துவிட்டதாகச் சொன்னார். நாங்கள் வழி தவறி வந்துவிட்டோம். இங்கே பாதை இல்லை. இப்போதே போய்விடுகிறோம்.

"அதை எழுதிக்கொள்ளுங்கள்" என்றார் காணிக்காரர்.

பொலிஸ்காரர் எழுதினார். விஷயம் முடிந்துவிட்டது, இனி மற்றவர்களின் பெயர் தேவையில்லை என்று புத்தகத்தை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். காணிக்காரர் வயலோரமாக ரோட்டுக்குப் போகும் வழியைக் காட்டினார். கிளாக்கர் அண்ணை எங்கள் எல்லோருக்கும் முன்னால் புல்லில் இறங்கி நடந்தார்.

ரயிலில் ரீச்சர் அக்கா தொடங்கினார். "என்ன கிளாக்கர், பொலிஸைக் கண்ட உடனை பச்சைக் கோடு அழிஞ்சு போச்சோ?" ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடித்தார். மாட்டுக்குப் பயமில்லாத மனிதர், தொப்பிக்குப் பயம். வாய்ச்சொல்லில் வீரர். அவர் சிரித்துக்கொண்டு யன்னலால் பார்த்தபடி வந்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மற்றவர்களைவிடச் சற்றுக் கூடவே சிரித்தேன் என்று நினைக்கிறேன். அதை நினைக்க இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கிங்ஸ் குரொஸில் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பிரியும் இடத்தில் என் தோளைத் தொட்டார்.

"தம்பி, எங்கடை ஆக்களில என்னட்டைப் போர்ம் கொண்டு வராத ஆள் நீர் ஒராள்தான். நான் முந்தியே யோசிச்சிருக்கவேணும். என்ரை பிழை."

நன்றி என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் ஒத்துக்கொண்டதாகிவிடும். "இல்லை அண்ணை, எனக்கு விசா இருக்குது" என்றேன்.

"ஓம், ஓம்" என்றார். "கவனமாப் போம்."

வசந்தத்தில் கிராம மண்டபத்தில் விசாரணை நடந்தது. ரீச்சர் அக்கா சாட்சியாகப் போய்வந்து ரெலிபோனில் சொன்னார். காணிக்காரரின் சட்டத்தரணி பொலிஸ் புத்தகத்தில் இருந்ததை வாசித்துவிட்டு, இப்படிச் சொன்னீர்களா என்று கேட்டாராம். சொன்னேன் என்றாராம் கிளாக்கர் அண்ணை. அப்படிச் சொன்னதற்கு ஏதாவது காரணம் உண்டா என்று விசாரணை செய்தவரே இரண்டு தரம் கேட்டாராம். காரணம் ஒன்றும் இல்லை என்றாராம்.

"பயத்தில சொல்லிப்போட்டன் எண்டிருந்தாலே வழக்குத் தப்பியிருக்கும். விசர் மனிசன், கல்லு மாதிரி நிண்டவர்" என்றார் ரீச்சர் அக்கா. "இருபது வருசம் கோர்ட்டில குப்பை கொட்டின ஆள்!"

நான் "ஓ" என்றேன். அன்று எனக்குப் பின்னேர ஷிப்ட் இருந்தது. சட்டையில் வேறொருவருடைய பெயரைக் குத்திக்கொண்டு வேலைக்குப் போனேன்.

பாதை இல்லை என்று தீர்ப்பு வந்தது. ஞாயிற்றுக்கிழமை நடைகளும் அத்தோடு குறைந்து நின்றுபோயின. கோயிலில் அவரைக் கண்டால் நான் மற்ற வாசலால் வெளியேறினேன். அவர் என்னைத் தேடி வரவில்லை.

ஆறேழு வருடம் போயிற்று. வேறொரு சட்டத்தரணியைப் பிடித்து, வழக்கைத் திரும்பத் திறந்து, ஒருவாறு எனக்கு விசா கிடைத்தது. முதல் ஒரு வருடம் எந்தச் சிக்கலுக்குள்ளும் தலையைக் கொடுக்காதே, பழையதைக் கிளறாதே என்று சட்டத்தரணி சொல்லியிருந்தார். கோயிலில் அர்ச்சனை செய்தபோது ரீச்சர் அக்காவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன், என் விலாசத்தையும் கொடுத்தேன். அவர் என்னை ஏறஇறங்கப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார். அவர் பேசாமல் போனதை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன்.

இரண்டு கிழமையில் தபாலில் ஒரு பெரிய உறை வந்தது. உள்ளே கடிதம் இல்லை. கவுன்சிலின் போர்ம் ஒன்று, முத்திரை ஒட்டிய பதில் உறை ஒன்று. புதுச் சாட்சி இருந்தால் பாதை வழக்கைத் திரும்பக் கேட்கலாம் என்று போர்மின் முதல் பக்கத்தில் அச்சில் இருந்தது. அதற்குக் கீழே பென்சிலால் மெல்லிய கோடு. பெயர் எழுதவேண்டிய இடத்தில், நடந்த வருடங்கள் எழுதவேண்டிய இடத்தில், கையெழுத்து வைக்கவேண்டிய இடத்தில் எல்லாம் பிரக்கிராசிமார் போடுவதுபோலக் கிளாக்கர் அண்ணை பெருக்கல் குறி மாதிரிச் சின்னச் சின்னப் புள்ளடி போட்டிருந்தார். ஓர் இடத்தில் மட்டும் போடவில்லை. பதினான்காவது கேள்வி: இந்தப் பாதையில் எப்போதாவது உங்களை மறித்தார்களா? திரும்பிப் போனீர்களா? ஏன்?

அதற்குக் கீழே ஆறு வெற்று வரிகள். விரும்பினால் அதை விட்டுவிடலாம் என்று அந்த மனிதர் எனக்கு வழி வைத்திருந்தார்.

போர்மை மூன்று நாள் மேசையில் வைத்திருந்தேன். நாலாம் நாள் பேனையை எடுத்து என் முழுப் பெயரையும் எழுதினேன், தகப்பன் பெயரையும் சேர்த்து. பதினான்காவது கேள்விக்கு வந்து, அன்று என்னிடம் விசா இருக்கவில்லை என்றும், பொலிஸ் என் பெயரைக் கேட்கப் போகிறார் என்று கண்டு அவர் எனக்காகப் பொய் சொன்னார் என்றும் எழுதினேன். இன்னும் ஒரு வரி மிச்சம் இருந்தது. அதில், நாங்கள் வழி தவறவில்லை என்று எழுதினேன்.